நொறுங்கும் தோட்டாவின் தூள் எங்கே போகிறது?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் விடியற்காலை நேரத்தில் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காவலர் தேர்வு, இந்திய ரிசர்வ் பட்டாலியன், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, ராணுவம் என்று ஆளுக்கொரு குறிக்கோள். தேறி உள்ளே போனவர்கள் சில மாதங்களில் சுடுதளத்தின் தரையில் படுத்து, தோளில் துப்பாக்கியை அழுத்திக் குறி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்பே என்.சி.சி. முகாமில் பாயின்ட் 22 ரைபிளைத் தொட்டுப் பார்த்த மாணவ மாணவிகளும் உண்டு. பாகூரை ஒட்டிய கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன பிறகு, சுடுதலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆசையும் பிள்ளைகளிடம் வளர்ந்திருக்கிறது.

மூச்சை அடக்கிக் குறி பார்ப்பது எப்படி என்பது அவர்களுக்கு நன்றாகவே சொல்லித்தரப்படும். சுட்ட பிறகு இழுக்கும் மூச்சில் என்னவெல்லாம் உள்ளே போகிறது என்பதும் அதே அக்கறையோடு சொல்லித்தரப்பட வேண்டிய பாடம். பல நாடுகளின் பயிற்சித் தளங்களில் வழக்கமான தோட்டாவுக்குப் பதிலாக 'நொறுங்கும் தோட்டா' இடம்பிடித்திருக்கிறது. காரீயம் இல்லாதது, தெறிக்காதது என்று அதற்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்கு அது எவ்வளவு தகுதியானது, துப்பாக்கியையும் அதைப் பிடிப்பவரின் உடலையும் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், நம் பயிற்சித் தளங்களுக்கு எது நல்லது என்று முடிவெடுக்க முடியும்.

ஏன் நொறுங்க வேண்டும்?

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் சுடுபயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவன், 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். பயிற்சித் தளத்தின் பாதுகாப்பு என்பது அங்கே சுடுபவர்களின் பாதுகாப்போடு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தமிழ்நாடு மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்த நாள் அது.

பயிற்சியில் தோட்டா இரண்டு விதமாகத் தடம் மாறும். குறியையும் அதன் பின்னால் உள்ள மண்மேட்டையும் தாண்டிப் பறந்துவிடுவது ஒன்று. பாறையிலோ இரும்பிலோ பட்டுத் திசை மாறித் தெறிப்பது மற்றொன்று. நொறுங்கும் தோட்டா இந்த இரண்டாவது ஆபத்துக்கான மருந்து. கெட்டியான பரப்பில் மோதியதும் அது பொடிப்பொடியாகிவிடும். அதனால் இரும்புக் குறிப்பலகையை அருகில் வைத்துச் சுடலாம். கட்டடத்துக்குள் நுழைந்து சண்டையிடும் பயிற்சியில் துண்டுகள் திரும்பி வந்து தாக்கும் ஆபத்தும் குறையும்.

முதல் ஆபத்துக்கு இது மருந்தாகாது. எதிலும் மோதாத வரை நொறுங்கும் தோட்டாவும் மற்ற எந்தத் தோட்டாவையும் போல ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பறந்துபோகும். மனித உடல் மென்மையானது என்பதால் அதில் பாயும்போது நொறுங்காமல், சாதாரணத் தோட்டாவைப் போலவே கொல்லும். மெல்லிய மரப்பலகையையும் துளைத்துவிடும். 'பாதுகாப்பான தோட்டா' என்ற நம்பிக்கையில் மண்மேட்டின் உயரத்தையோ, ஊருக்கும் தளத்துக்கும் இடையில் விட வேண்டிய தூரத்தையோ குறைத்தால், அந்தத் தோட்டாவே பேராபத்தாகிவிடும்.

தூளை அழுத்திச் செய்த தோட்டா

இந்த யோசனைக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கி வீரர்களுக்கு நிஜமான விமானத்தைச் சுட்டுப் பழக அமெரிக்கா ஒரு வழி கண்டது. காரீயத் தூளையும் பேக்கலைட் பிளாஸ்டிக்கையும் கலந்து தோட்டா செய்தார்கள். ஆர்.பி. 63 என்ற விமானத்துக்குத் தடித்த கவசத் தகடு போர்த்தி, உள்ளே விமானியை உட்கார வைத்து, வானத்தில் அதன் மீது சுட்டார்கள். தோட்டா பட்டதும் பொடியாகும். தகட்டின் பின்னால் இருந்த உணர்கருவிகள் விமானத்தின் மூக்கில் உள்ள விளக்கை எரியவிடும்.

இன்று பெரும்பாலும் செம்புத் தூளும் வெள்ளீயத் தூளும் பயன்படுகின்றன. இரண்டையும் கலந்து அச்சில் இட்டுப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி, பிறகு உலையில் சூடாக்குகிறார்கள். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரி போதும். இந்த இரண்டுக்கும் நடுவே சூடாக்கும்போது வெள்ளீயம் மட்டும் இளகி, செம்புத் துகள்களுக்கு இடையே பரவி, அவற்றோடு சேர்ந்து எளிதில் உடையும் கலப்பு உலோகப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. கையில் எடுத்தால் முழுசாக நிற்கும், தரையில் விழுந்தால் உதிர்ந்துபோகும் பொட்டுக்கடலை மாவுருண்டையைப் போன்றது இதன் கட்டுமானம். செம்புத் தூளை நைலானில் பிணைத்துச் செய்யும் வகையும் உண்டு.

தூளை அழுத்தி உலையில் இறுக்கும் இந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தெரியாத ஒன்றில்லை. திருச்சியில் உள்ள கன உலோகக் கலவைத் தொழிற்சாலை, டங்ஸ்டன் தூளை இதே முறையில் இறுக்கி, பீரங்கி வண்டிக் கவசத்தைத் துளைக்கும் தண்டுகளைச் செய்கிறது. அங்கே உடையாமல் இருப்பது நோக்கம், இங்கே உடைந்துவிடுவது நோக்கம். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான டி.பி.ஆர்.எல்., விமானக் கடத்தலை முறியடிக்கும் வீரர்களுக்காக 9 மி.மீ. நொறுங்கும் தோட்டாவை உருவாக்கியிருக்கிறது. பறக்கும் விமானத்தின் உடலைத் துளைத்துவிடக் கூடாது என்பது அதன் காரணம்.

காரீயத்தை விலக்குவது ஏன் அவசியம்?

வழக்கமான தோட்டாவில் காரீயம் மூன்று இடங்களிலிருந்து காற்றுக்கு வருகிறது. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் எனும் தீமூட்டியில் காரீய ஸ்டைஃப்னேட் என்ற வெடிப்பொருள் இருக்கிறது. ஊசி அதன் மேல் அடித்ததும் அது வெடித்து, காரீயம் நுண்புகையாக வெளிவருகிறது. செம்பு உறை மூடாத அடிப்பகுதியை வெடிமருந்தின் வெப்பம் உருக்குவது இரண்டாவது. குறியில் மோதிச் சிதறுவது மூன்றாவது. என்.சி.சி.யில் பயன்படும் பாயின்ட் 22 தோட்டாவுக்குப் பெரும்பாலும் உறையே இல்லை, முழுக்கக் காரீயம்தான். ஏர் ரைபிளில் வெடிமருந்தும் புகையும் கிடையாது. ஆனால் அதன் பெல்லட்டும் காரீயமே, விரலில் ஒட்டுவதும் காரீயமே.

ரத்தத்தில் கலந்த காரீயம் சில வாரங்களில் குறையத் தொடங்கும். எலும்பில் போய்த் தங்கியதோ பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ரத்த அழுத்தம், சிறுநீரகம், நரம்புகள், இனப்பெருக்கம் என்று அது தொடாத உறுப்பு குறைவு. கர்ப்பிணியின் எலும்பிலிருந்து இளகி வெளிவந்து சிசுவையும் அடையும். தீங்கில்லாத காரீய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும் என்று 2021-ல் அது வழிகாட்டியது.

பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் காரீயம் என்பது அமெரிக்காவின் சட்ட வரம்பு. அந்த விதிமுறை ராணுவச் சுடுதளங்களில் வேலை செய்பவர்களைக் காக்கப் போதாது என்று 2013-ல் வெளியான அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கவுன்சிலின் அறிக்கை சொன்னது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அனுமதித்ததோ 0.15 மில்லிகிராம், அதாவது அமெரிக்க வரம்பைப் போல மூன்று மடங்கு. பெட்ரோலிலிருந்து 2000-ல் காரீயத்தை நீக்கினோம். 2016 விதிமுறை மூலம் பெயின்டிலும் கட்டுப்படுத்தினோம். சுடுதளத்துக் காற்றைப் பற்றியும் யோசிக்க வேண்டிய காலம் இது.

செம்பும் துத்தநாகமும் தரும் காய்ச்சல்

காரீயத்தை எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைத்த நாடுகளில் ஒன்று நார்வே. எச்.கே. 416 ரைபிளும் காரீயமில்லாத 5.56 மி.மீ. தோட்டாவும் அங்கே புழக்கத்துக்கு வந்த பிறகு, சுட்டுவிட்டு வந்த வீரர்கள் காய்ச்சல், குளிர், தலைவலி, இருமல், மூட்டு வலி என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டா நொறுங்கும் வகையைச் சேர்ந்தது இல்லை. என்றாலும் காரீயத்துக்கு மாற்றாக வரும் உலோகங்கள் உடலில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், ஆரோக்கியமான ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்களை வெவ்வேறு வகைத் தோட்டாக்களால் சுடவைத்துப் பரிசோதித்தது. 2014-ல் வெளியான முடிவுகளின்படி, எந்த வகையைச் சுட்டாலும் நுரையீரலின் ஊதும் திறன் தற்காலிகமாகக் குறைந்தது. காரீயமில்லாத தோட்டாவைச் சுட்டவர்களிடம் உடல் உபாதைகள் அதிகமாக இருந்தன. அந்தப் புகையில் செம்பும் துத்தநாகமும் இருந்தன.

இந்த நோய் புதிதில்லை. உலோகப் புகைக் காய்ச்சல் என்று தொழில்சார் மருத்துவத்தில் அதற்குப் பெயர். துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. பைப்பை மூடிய கொட்டகைக்குள் வெல்டிங் செய்பவர்களுக்கு மாலையில் உடம்பு வலித்து, இரவில் குளிர்க்காய்ச்சல் வந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ விட்டுப்போகும். ஃப்ளூ என்றோ மழையில் நனைந்தது என்றோ எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். சுட்டுவிட்டு வந்த காவலருக்கும் அப்படித்தான் நேரும். சில மணி நேரம் கழித்து வருவதால் காலையில் சுட்டதற்கும் இரவுக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பது தெரியாமலே போகும்.

செம்பு உடலுக்குத் தேவையான உலோகம்தானே என்று கேட்கலாம். சாப்பாட்டில் வரும் செம்பைக் கல்லீரல் கையாளும், மிஞ்சியதைப் பித்தநீரில் வெளியேற்றும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளாக நுரையீரலின் அடியாழத்துக்கு நேரே போய்ச் சேரும் செம்பு அந்த வழியில் போவதில்லை. அங்கே அது அழற்சியை உண்டாக்குகிறது. அமெரிக்கச் சட்டம் செம்புத் தூசுக்கு ஒரு கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் அனுமதிக்கிறது. செம்புப் புகைக்கு 0.1 மில்லிகிராம்தான். உலோகம் ஒன்றேதான், துகள் சிறுத்ததும் வரம்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மோதியதும் தூளாக வேண்டும் என்றே வடிவமைத்த தோட்டாவை மூடிய அறைக்குள் சுடும்போது இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

காற்றோட்டம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லின் சாட்சி. அந்நகரக் காவல்துறையின் பழைய உள்ளரங்கச் சுடுதளங்களில் காற்று வெளியேறும் அமைப்பு சரியாக இயங்காமல், பல ஆண்டுகள் அங்கே பயிற்சி பெற்றவர்களும் பயிற்றுநர்களும் நோயுற்றதாகப் புகார் செய்தார்கள். ஒவ்வொருவரின் நோய்க்கும் புகைதான் காரணம் என்று மருத்துவ ரீதியாக நிறுவுவது கடினமாக இருந்தது. இருந்தும் 2018-ல் நகர அரசு அவர்களுக்கு நிதியுதவி வழங்கியது. நோய் வந்த பிறகு காரணத்தை நிறுவுவது எவ்வளவு சிரமம் என்பதாலேயே, காற்றை முன்கூட்டியே அளந்து பதிவு செய்து வைப்பது அவசியமாகிறது.

துப்பாக்கிக்கு என்ன ஆகிறது?

சேதம் துப்பாக்கிக்கும் உண்டு. காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பினுடையது 9 கிராமுக்குச் சற்றே குறைவு. அதனால் அதே அளவில் செய்த நொறுங்கும் தோட்டா எடை குறைந்தது. 9 மி.மீ. வகையில் வழக்கமான தோட்டா ஏழரை முதல் எட்டு கிராம் இருக்கும், நொறுங்குவது சுமார் ஆறரை கிராம். பிஸ்டலின் மேற்பகுதி பின்னால் நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது, சுடும்போது எழும் எதிர்விசையால்தான். தோட்டாவின் எடை குறைந்தால் வேகத்தைக் கூட்டி அந்த விசையை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாத தோட்டாவைப் போட்டால் துப்பாக்கி இடையிடையே சிக்கி நிற்கும்.

அடுத்த சிக்கல் தோட்டா குழலை விட்டு வெளியேறும் முன்பே நொறுங்கிவிடுவது. மேகஸினிலிருந்து அறைக்குள் ஏறும்போது தோட்டாவின் மூக்கு உலோகச் சரிவில் இடிக்கிறது. ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் அது விரிசல் விடலாம், அல்லது கூட்டுக்குள் அமிழ்ந்து அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்தலாம். உடைந்த துண்டு ஒன்று குழலுக்குள் தங்கிப்போய், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும். சுடும் சத்தம் மாறி ஒலித்தாலோ, உதை குறைந்தாலோ, உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும் என்ற விதியை இந்த வகைத் தோட்டாவில் இரட்டிப்புக் கண்டிப்போடு கடைப்பிடிக்க வேண்டும்.

குழலின் தேய்மானத்துக்கு முதல் காரணம் தோட்டா இல்லை. 2,000 டிகிரியைத் தாண்டும் வாயு, குழலின் தொடக்கப் பகுதியை ஒவ்வொரு முறையும் அரித்துப் போகிறது. நொறுங்கும் தோட்டா அதோடு செம்புப் படிவையும் நுண்தூளையும் சேர்க்கிறது. வழக்கமான இடைவெளியில் துடைத்தால் போதாது, அடிக்கடி துடைக்க வேண்டும். செம்பைக் கரைக்கும் அமோனியா கலந்த திரவத்தை ஆயுதக் கிடங்கின் மூடிய அறையில் வைத்துத் துடைத்தால் அதன் நெடி வேறு. துடைத்த துணியில் உள்ள உலோகத் தூள் கைக்கு வரும்.

புதுச்சேரிக் கடலோரத்துக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது பிரைமரைப் பற்றி. காரீயமில்லாத பிரைமர்களில் டயசோடைநைட்ரோஃபீனால் என்ற பொருள் பயன்படுகிறது. ஈரத்தையும் நீண்ட நாள் இருப்பையும் தாங்குவதில் அது காரீய பிரைமர் அளவுக்கு நம்பகமானதாக இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் நம் ஊர்க் கிடங்குகளில், பெட்டி திறந்த தோட்டாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது சரிவராது. வாங்கிய தேதியையும் பெட்டி திறந்த தேதியையும் எழுதிவைத்து, பழையதை முதலில் சுட்டுத் தீர்க்க வேண்டும்.

இரும்புக் குறிப்பலகையையும் கவனிக்க வேண்டும். பிஸ்டல் வேகத்தில் வரும் நொறுங்கும் தோட்டா, கடினமாக்கிய தகட்டில் பெரிய தழும்பு விடாது. ரைபிளின் வேகத்தில் அருகிலிருந்து வந்தால் அதுவே தகட்டில் குழி பறிக்கும். குழி விழுந்த தகட்டில் மோதும் அடுத்த தோட்டாவின் தூளும் துண்டும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. குழி விழுந்த தகட்டை மாற்றிவிடுவதே ஒரே வழி.

ஏரிக்கரையில் ஒரு கேள்வி

வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாகூர் ஏரியோ தென்பெண்ணையாற்று நீரை பங்காரு வாய்க்கால் வழியாக வாங்கி, புதுச்சேரியின் நெற்களஞ்சியத்தை வளர்க்கிறது. இந்தக் கொம்யூன்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரே பெரும் ஆதாரம். இப்படிப்பட்ட மண்ணில் எங்கே சுடுதளம் அமைத்தாலும், தோட்டாவின் தூள் மழையோடு எங்கே போகும் என்று கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்ப் எட்வர்ட்ஸ் ராணுவ முகாம், பல ஊர்கள் குடிக்கும் நிலத்தடி நீர்ப் படுகையின் மேலே இருக்கிறது. நீரைக் காக்க 1997-ல் அங்கே காரீயத் தோட்டா நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக டங்ஸ்டனும் நைலானும் கலந்த தோட்டா வந்தது. டங்ஸ்டன் நீரில் கரையாது, நச்சும் இல்லை என்று நம்பினார்கள். தூளாகிப் பரப்பளவு பெருகிய டங்ஸ்டன் மண்ணில் கரைந்து நிலத்தடி நீரில் தென்பட்டது. 2006-ல் அந்தத் தோட்டாவும் நிறுத்தப்பட்டது.

செம்பின் கதையும் கவனத்துக்குரியது. மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை செம்பு ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. காரீயத்துக்கு 0.01 மில்லிகிராம். எண்களைப் பார்த்தால் செம்பு சாதுவாகத் தெரியும். ஆனால் பாசிக்கும் மீன் குஞ்சுக்கும் சிறு அளவுச் செம்பே நஞ்சு. அவற்றை நம்பி இருப்பவை ஏரிக்கு வரும் பறவைகள். நம் உடலுக்கு நல்லது என்று தேர்ந்தெடுத்த உலோகம் ஏரிக்கும் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியவை

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் உடலைக் காக்கும் பழக்கங்கள் ஒன்றே. சுடுதளத்தில் டீயும் வடையும் பீடியும் கூடாது. சுட்ட பிறகும், கீழே கிடக்கும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்த பிறகும், சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. கூடுகளைத் தொப்பியில் அள்ளக் கூடாது, அந்தத் தொப்பி திரும்பத் தலைக்கு வரும். பூட்ஸை வாசலிலேயே விட வேண்டும். சீருடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. உள்ளரங்கத் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூள் மறுபடி மூச்சுக்கு வரும். ஈரத் துணியால் துடைப்பதோ, நுண்துகள் வடிகட்டி உள்ள கருவியால் உறிஞ்சுவதோதான் முறை. அந்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளியிடம் கொடுத்தால், முகக்கவசமும் கையுறையும் கொடுத்தே ஆக வேண்டும்.

உள்ளரங்கத்தில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து குறியை நோக்கி, வினாடிக்குச் சுமார் 0.38 மீட்டர் வேகத்தில் சீராக நகர வேண்டும் என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திறந்தவெளியிலும் காற்றைப் பார்க்க வேண்டும். நம் கடலோரத்தில் கோடை நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கு நோக்கிச் சுடும் தளத்தில் அந்த நேரத்தில் புகை முகத்துக்கே திரும்பும். பயிற்சியைக் காலையில் வைத்தாலே பாதிப் புகையைத் தவிர்க்கலாம்.

பயிற்சி பெறுபவர் சில நாட்களில் போய்விடுவார். பயிற்றுநரும் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி துடைப்பவரும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்பவர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களுக்கு ரத்தத்தில் காரீய அளவும், நுரையீரல் ஊதல் சோதனையும் செய்ய வேண்டும். செம்பு, துத்தநாகப் புகையின் பாதிப்பைக் காரீயச் சோதனை காட்டாது என்பதால் இரண்டும் தேவை. சுட்ட இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் 'இன்று சுடுபயிற்சிக்குப் போனேன்' என்று சொல்லும் பழக்கம் வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவு. நொறுங்கும் தோட்டாவை வாங்கும் எண்ணம் இருந்தால், ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே தளத்தின் காற்றையும், மண்ணையும், அருகில் உள்ள கிணற்று நீரையும் அளந்து வைக்க வேண்டும். வாங்கிச் சுட்ட பிறகு மறுபடி அளக்க வேண்டும். ஜிப்மர் மருத்துவமனையும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் உள்ள ஊரில் இதற்கு அறிவுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை. காரீயத்தை விலக்குவது நல்ல முடிவு. அதனிடத்தில் வரும் உலோகம் யாருடைய மூச்சிலும், யாருடைய கிணற்றிலும் சேரவில்லை என்று அளந்து காட்டும்போதுதான் அந்த முடிவு நிறைவு பெறும். ஏரிக்கரையில் ஓடிப் பயின்று காவலராகப் போகும் நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச உறுதி இது.